உன் வினை என்று சொல்லாதீர்கள்

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஏழு பேர் அதைச் சொன்னார்கள். மூன்று நாள் அந்தக் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. "பூர்வ ஜன்ம கர்மாம்மா, நாம என்ன பண்ண முடியும்?" "எந்த ஜன்மத்துப் பாவமோ, குழந்தை தலையில விடிஞ்சுடுத்து." கன்னடம் பேசும் பெரியவர் ஒருவர் நெற்றியில் விரலால் கோடு இழுத்துக் காட்டி, "ஹணேபரஹ" என்றார். நாம் சொல்லும் தலையெழுத்தேதான். என் தங்கை மகள் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிள்ளைக்கு ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய். எட்டு மாதம் போராடினான். வாசலில் அவனுடைய பள்ளிக்கூட ஷூ அப்படியே கிடந்தது. வந்தவர்கள் அதன்மேல் படாமல் தங்கள் செருப்பை ஒதுக்கி விட்டார்கள். அவ்வளவு பதமான மனசுக்காரர்கள்தான் உள்ளே வந்து இதைச் சொன்னார்கள்.

ஆறாவது ஆள் எழுந்து போன பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, அவன் என்ன பண்ணினான்?" என்று கேட்டாள். அழவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஏழு பேருக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மாலையானால் எங்காவது ஓர் உபந்யாசம் நடக்கும். விடிந்தால் கைபேசியில் பொன்மொழி வந்து விழும். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்த ஒரே எண்ணம்: பகவான் நல்லவர், கஷ்டத்தை அவர் தருவதில்லை, அவரவர் வினை தருகிறது, அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பாது. இது பிழை என்கிறேன். நான் நாத்திகம் பேச வரவில்லை. பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறவள். பக்தி உள்ளவள் என்பதாலேயே இதைப் பொறுக்க முடியவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவை மறைத்துவிட்டு வாதாடக் கூடாது. பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இந்தக் கேள்வியை நேராகவே எழுப்புகிறது. ஒருவனைச் சுகத்திலும் இன்னொருவனைத் துக்கத்திலும் படைத்தவனுக்குப் பாரபட்சம், இரக்கமின்மை என்ற இரண்டு குற்றமும் வராதா? வராது, ஜீவர்களின் கர்மத்தைப் பார்த்தே அவன் படைக்கிறான் என்பது அங்கே தரப்படும் விடை. வேறு எத்தனையோ இடங்களில் மோதிக்கொள்ளும் சங்கரரும் இராமானுசரும் இந்த இடத்தில் ஒன்றாக நிற்கிறார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரும், துன்பத்துக்குச் சமயங்கள் சொன்ன விளக்கங்களில் முரண் இல்லாமல் முழுதாக அமைந்தது என்று கர்மக் கொள்கையைத்தான் காட்டினார். ஆக, இது பாமரர் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய அறிவாளிகள் கட்டிய கோட்டை.

கோட்டைக்குள் போய்ப் பார்க்கலாம். கடன் இருக்கிறது என்றால் எப்போது வாங்கியது? போன பிறவியில். அந்தப் பிறவி ஏன் அப்படி அமைந்தது? அதற்கு முந்தையதால். முதன்முதலில் வாங்கியது எப்போது? முதல் என்பதே இல்லை, அனாதி என்று அடுத்த சூத்திரம் சொல்லிவிடுகிறது. விதையும் முளையும் போலவாம். முதல் பக்கமே இல்லாத பேரேட்டைக் காட்டி வட்டி கேட்பவனை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது. அது போகட்டும். பிள்ளையை அடிக்கிற தாய்கூட எதற்கு அடிக்கிறேன் என்று சொல்லித்தான் அடிக்கிறாள். காரணம் சொல்லாமல் அடித்தால் அவளை என்னவென்று சொல்வோம்? முதுகுத்தண்டில் ஊசி ஏற்றும்போது நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, "நான் குட் பாயா இருக்கேனே" என்று கதறிய பிள்ளைக்கு, உனக்கு நினைவில்லாத ஒரு பிறவியின் தண்டனை இது என்று சொல்வது எந்த நீதியில் சேரும்?

அந்த நோயின் கதையையே கேளுங்கள். 1940-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைக்கு மரணம் ஏறக்குறைய உறுதி. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில், குழந்தைகளுக்கு வரும் அதன் பரவலான வகையில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நடுவில் மாறியது என்ன? குழந்தைகளின் பூர்வ ஜன்மமா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்கு உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவர். அமெரிக்கா போய், அந்த நோய்க்கு மருந்தாகும் ஃபோலிக் அமிலத்தில் வேலை செய்தார். அந்த அமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவருடைய குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றைக் கொடுத்துத்தான் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் பின்வாங்க வைத்து, 1948-இல் அதை வெளியிட்டார். அண்ணன் தம்பி சாவைத் தலையெழுத்து என்று விட்டிருந்தால் சுப்பாராவ் கப்பலேறியிருக்க மாட்டார்.

"அந்த மருந்து கிடைப்பதும் கர்மாதானே?" என்று உடனே கேட்பார்கள். மருந்து கிடைத்தாலும் கர்மா, கிடைக்காவிட்டாலும் கர்மா. பிழைத்தாலும் செத்தாலும் கர்மா. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்கவில்லை. அடித்துப் பெய்தாலும் கொளுத்தினாலும் "நான் அப்போதே சொன்னேன்" என்கிற ஜோசியரை நாம் நம்புவதில்லை.

இதைப் பேசுகிறவர்கள் எந்த மண்ணில் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். மல்லேஸ்வரம் என்ற இந்தக் குடியிருப்பு பிறந்ததே ஒரு கொள்ளைநோயால். 1898 ஆகஸ்டில் பிளேக் பெங்களூருக்குள் வந்தது, ரயில் வழியாக. பழைய பேட்டையில் வீடு வீட்டை ஒட்டி, காற்றும் வெளிச்சமும் நுழையாத சந்துகள். எலி செத்து விழுந்தால் அடுத்தது மனிதன். ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். 1891 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து எண்பதாயிரமாக இருந்த ஊர் 1901-இல் ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரமாகச் சுருங்கிக் கிடந்தது. பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. அவற்றை நான் பழிக்க மாட்டேன். பயத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்க மனிதருக்கு ஓர் இடம் வேண்டும். அம்மனிடம் போனவர்கள் காப்பாற்று என்று கேட்டார்கள். செத்த பக்கத்து வீட்டுக்காரனின் பாவத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பாலக்காட்டுத் தமிழரான சேஷாத்ரி ஐயர் அப்போது மைசூர் திவான். நெரிசல்தான் நோயைப் பரப்புகிறது என்று கண்ட அரசு, ஊருக்கு வெளியே மனைகளை அளந்து நேர்நேராகத் தெருக்கள் போட்டது. வடக்கே காடு மல்லேஸ்வரர் கோயிலை ஒட்டி மல்லேஸ்வரம், தெற்கே பசவனகுடி. பழைய வீட்டுக் கொல்லைகளுக்கு நடுவில் இன்றும் கன்சர்வென்சி சந்து ஓடுகிறது பாருங்கள், கழிவை வண்டியில் எடுத்துப்போக விட்டது. வீட்டுக்கு முன்னால் அகலத் தெரு, பின்னால் இந்தச் சந்து, நடுவில் காற்று. சம்பிகே ரோடு என்றும் மார்கோசா ரோடு என்றும் சொல்கிறோமே, ஒன்று செண்பகம், மற்றொன்று வேம்பு. ஹாங்காங்கில் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டது 1894-இல். கராச்சியில் சிமோன் எலித் தெள்ளுப்பூச்சியே அதைக் கடத்துகிறது என்று காட்டியது, இங்கே நோய் நுழைந்த அதே 1898-இல். பேட்டையில் செத்தவர்களின் வினைதான் காரணம் என்று அன்று முடிவு கட்டியிருந்தால் இந்தத் தெருக்களே இருந்திருக்காது. கர்மா என்று விடாமல் நூல் பிடித்து அளந்து போட்ட தெருவில் குடியிருந்துகொண்டு, அடுத்த வீட்டில் பிள்ளை செத்தால் கர்மா என்கிறோம்.

அந்தச் சொல் யாரைத் தப்பவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆம் தேதி, காசிராமன் தெருப் பள்ளியில் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் எரிந்துபோனார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து பரவிய தீ, ஓலைக் கூரை, குறுகிய படிக்கட்டு. ஒரு கட்டடத்துக்குள் பல பள்ளிகளை நடத்த அனுமதித்த கையெழுத்துகள். தெருவுக்குத் தெரு கோபுரம் உள்ள ஊர் அது. தொண்ணூற்று நாலு பேருக்கும் ஒரே நாளில் வினை முற்றியது என்று சொல்லிப் பாருங்கள். அப்படிச் சொன்ன நிமிஷத்தில் ஓலை நிரபராதி ஆகிவிடுகிறது, கையெழுத்துப் போட்டவரும் நிரபராதி ஆகிவிடுகிறார். பெற்றவர்கள் அதை ஏற்காமல் பத்து வருஷம் வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் இறங்கியது அந்தக் குழந்தைகளால்.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவள். முப்பது வருஷத்துக்கு முன், எங்களுக்கு வாடிக்கையாகப் பூ கொடுத்தவளின் புருஷன் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து செத்தான். "உன் தலையெழுத்து அப்படி, மனசைத் தேத்திக்கோ" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் முழம் அளந்து, வழக்கம்போல் ஒரு விரற்கடை கூட விட்டு, இலையில் சுற்றிக் கொடுத்தாள். சாரம் கட்டியவன் யார், காசு ஏதாவது கொடுத்தானா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு சொல் கேள்வியையே துடைத்துவிட்டது.

நம் மரபே இதுதான் என்பார்கள். எந்த மரபு? புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையும் மறுவீட்டில் மணமுழவும் கேட்டுவிட்டு, இப்படிப் படைத்தவன் பண்பு கெட்டவன் என்று ஏசுகிறார். செத்தவன் போன பிறவியில் என்ன செய்தான் என்று அவர் ஆராயவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர், பிச்சையெடுத்துத்தான் ஒருவன் பிழைக்க வேண்டுமென்றால் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று 1062-ஆம் குறளில் சபிக்கிறார். பல்லக்குத் தூக்குபவனையும் ஏறிப்போகிறவனையும் பற்றிய 37-ஆம் குறளுக்கு இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. அறத்தின் பயன் அங்கே கண்ணாலேயே தெரிகிறது, எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை என்பது பரிமேலழகர். அவர்களைக் காட்டி இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே என்பது பிற்காலத்தவர் சிலர் கொண்ட பொருள். நான் இரண்டாமவர் பக்கம். தோளில் பல்லக்கு அழுத்துகிறவனிடம் போய் இதைச் சொல்ல யாருக்கு நா எழும்?

வினை என்ற சொல்லையே தூக்கி எறியச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் இங்கே உதவும். தன்மை, முன்னிலை, படர்க்கை. "என் வினை" என்பது வேறு, "உன் வினை" என்பது வேறு. கூரத்தாழ்வான் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். சோழன் சபையில் இராமானுசருக்குப் பதிலாகப் போய்க் கண்ணை இழந்தவர். இராமானுசர் மேல்கோட்டையிலிருந்து பல ஆண்டுகள் கழித்துத் திருவரங்கம் திரும்பி அவரைக் கட்டிக்கொண்டு அழுதபோது, யாரோ ஒருவருடைய திருமண் கோணல் என்று மனதில் நினைத்திருப்பேன், அதற்குத்தான் இது என்றாராம் ஆழ்வான். அவர் சொன்னது தன்மையில். இராமானுசர் ஆமாம் என்று தலையாட்டவில்லை. உமக்கு ஏது குற்றம், என் குற்றத்தாலல்லவா உமக்கு இது நேர்ந்தது என்று அழுதார் என்பதே நான் கேட்டு வளர்ந்த கதை. அவரும் தன்மையில்தான் பேசினார். பட்டவன் தன் வினை என்கிறான், பார்த்தவன் தன் வினை என்கிறான். "உன் வினை" என்று இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. கர்மத்துக்குப் பாஷ்யம் சொன்ன வாயே கண்ணிழந்தவன் முன்னால் அதைச் சொல்லவில்லை என்பதை நம் உபந்யாசகர்கள் ஏன் நிறுத்திச் சொல்வதில்லை?

அப்பரும் அப்படித்தான். சூலை நோயில் துடித்தபடி, தான் தெரியாமல் செய்த கொடுமைகள் உண்டோ என்று சிவனிடம் முறையிடுகிறார், தன்னைப் பற்றி. சூலை தந்து ஆட்கொண்டான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதை ஏற்றுப் பாட உரியவர் நோயைத் தாங்கிய அப்பர். அக்காள் திலகவதியார் என்ன செய்தார்? சமயம் மாறிப் போன தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு காலில் வந்து விழுந்தபோது, போனதற்கு அனுபவி என்று சொல்லவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன்னே திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். வாளால் அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவனை விடாத நோயாளியைக் குலசேகர ஆழ்வார் பாடியதை, துன்பம் பகவானின் சோதனை என்பவர்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். அங்கேயும் பேசுவது நோயாளி. பக்கத்துக் கட்டிலுக்குக் காவல் நிற்பவன் அதைப் பாடினால் பொருளே மாறிவிடும்.

விவிலியத்தில், துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். எட்டாம் நாளிலிருந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் அந்தக் கடவுளே அவர்கள்மேல்தான் கோபப்பட்டார்.

"நம் பாவம்" என்று பன்மையில் சொல்லலாமா? அதையும் ஒருவர் செய்து பார்த்தார், காந்தி. 1934 ஜனவரி 15-இல் பீகார் நிலநடுக்கம். அப்போது தெற்கே ஹரிஜன யாத்திரையில் இருந்தவர், 24-ஆம் தேதி திருநெல்வேலியில், தீண்டாமை என்ற நம் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என்றார். அவர் தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எந்தப் பாவத்தைச் சொன்னாரோ அதை ஒழிக்கத்தான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் அது தவறு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடிசைகளும் அன்று மண்ணாயின. பூமி அதிர்வதற்குப் பூமிக்குள்தான் காரணம் உண்டு, அதை அறத்தோடு முடிச்சுப் போடாதீர்கள் என்று தாகூர் மறுத்து எழுதினார். அந்த மறுப்பைக் காந்தியே தன் ஹரிஜன் இதழில் அச்சிட்டார். தாகூர் சொன்னதே சரி என்பேன்.

கணக்குக்காரர்கள் தங்கள் பெருமாளையே சிறுமைப்படுத்துகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. எல்லாப் பாவங்களிலிருந்தும் உன்னை விடுவிக்கிறேன், வருந்தாதே என்ற கீதையின் சரம சுலோகத்தின்மேல்தான் சரணாகதி மார்க்கமே நிற்கிறது. கணக்கைக் கிழிக்கத் தெரிந்தவன் என்பதால்தானே அவன் காலில் விழுகிறோம்? வடகலைக்கும் தென்கலைக்கும் பதினெட்டுப் பேதங்கள் என்பார்கள். நாமத்துக்காக நீதிமன்றப் படியேறினோம். அந்தப் பதினெட்டில் ஒன்று, தயை என்றால் என்ன என்பது. அதைப் பேசுவாரே இல்லை. பிறர் துக்கத்தில் தானும் துக்கப்படுவதே தயை, பரதுக்க துக்கித்வம் என்றார்கள் தென்கலையார். பிறர் துக்கத்தைப் போக்க நினைப்பதே தயை என்றார்கள் வடகலையார். கணக்கு ஒப்பிப்பதைத் தயை என்று இரண்டு கலையிலும் யாரும் சொல்லவில்லை. உலகில் துன்பம் ஏன் என்று எனக்குத் தெரியாது. நல்லவனான ஒருவன் இருக்கிறான் என்று நம்புகிறேன், இரண்டையும் என்னால் முடிச்சுப் போட முடியவில்லை. முடிச்சுப் போடுவதற்காக ஒரு குழந்தையைக் குற்றவாளி ஆக்க மாட்டேன்.

அந்த மூன்று நாளும் எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா காலை ஆறு மணிக்கு ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் நாள், சிக்குப் பிடித்துக் கிடந்த என் தங்கை மகளின் தலையை மடியில் சாய்த்து, எண்ணெய் தொட்டு, பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்தார். அரை மணி நேரம் ஆனது. அவர் கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. பிறகு பின்னிவிட்டு, முந்தைய நாள் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனார். பேசியது, "ஊட்டா மாடு மகளே" என்ற ஒரே வார்த்தை. சாப்பிடு மகளே.

ஒரு மாதம் கழித்து என் தங்கை மகளே கோயிலுக்குப் போகலாம் என்றாள். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம். எத்தனையோ காலம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1990-களின் கடைசியில் வெளியே வந்த குளமும் சன்னதியும். நந்தியின் வாயிலிருந்து லிங்கத்தின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். கூட்டம் இல்லை. அவள் கைகூப்பவில்லை. "நீ பாத்துண்டுதானே இருந்தே? எட்டு மாசமும் பாத்துண்டுதானே இருந்தே?" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். சமாதானம் சொல்லப்போகிறார் என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். அவள் கேட்டு முடிக்கும்வரை தலை குனிந்து நின்றார். பிறகு உத்தரணியை எடுத்து, அவள் கையில் தீர்த்தம் விட்டார்.